மொபைல் பக்கங்களை லேப்டாப்பிலும் போனிலும் சோதிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கங்களில் கடைகளுக்கும் ஹோம்ஸ்டேகளுக்கும் வெப்சைட் செய்து கொடுப்பவர்களும், கல்லூரி புராஜெக்ட் செய்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கையில் விண்டோஸ் லேப்டாப், ஆண்ட்ராய்டு போன் என்று வைத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறது. கட்டளைகளை உச்சரிப்பில் தந்திருக்கிறோம். டைப் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

இத்தனை கருவிகள் இருக்கின்றன. காசு செலவில்லாமல் தொடங்க எது போதும்?

லேப்டாப்பில் குரோம், கோட் எழுத விஎஸ் கோட், ஒரு லோக்கல் சர்வர் (உங்கள் லேப்டாப்பிலிருந்தே பக்கத்தைப் பிரவுசருக்கு அனுப்பும் நிரல்). இவற்றோடு வீட்டில் அலமாரியில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று, டேட்டா போகிற யூஎஸ்பி கேபிள் ஒன்று. மொபைல் பக்கத்தில் வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை இதிலேயே பிடிபடும். புதுப் போனைவிடப் பழைய போன்தான் சோதனைக்கு நல்லது. உங்கள் புதுப் போனில் வழுக்கிக்கொண்டு ஓடும் பக்கம், 3 ஜிபி ராம் போனில் திணறுவதைப் பார்த்தால்தான் எதை வெட்ட வேண்டும் என்று தெரியும். காசு கட்டுகிற சேவைகளைப் பற்றி ஐபோன் கேள்வி வரும்போது யோசித்தால் போதும்.

குரோமின் டிவைஸ் மோடில் எல்லாம் சரியாக இருக்கிறது. போனில் வேறு பார்க்க வேண்டுமா?

வேண்டும். எஃப்12 அடித்து (டெவ்டூல்ஸ் என்ற சோதனைப் பலகம் திறக்கும்), பிறகு கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எம் அடித்தால் வரும் போன் அளவுச் சட்டம்தான் டிவைஸ் மோட். அது திரையின் அகலம், பிக்சல் அடர்த்தி, தொடுகை, பிரவுசர் தன்னை யாரென்று சொல்லிக்கொள்ளும் வரி ஆகியவற்றைத்தான் போலியாகக் காட்டுகிறது. உள்ளே ஓடுவது உங்கள் லேப்டாப்பின் பிராசசர், உங்கள் லேப்டாப்பின் ஃபாண்ட். பட்டியலில் ஐபோனைத் தேர்ந்தெடுத்தாலும் பக்கத்தை வரைவது குரோமின் எஞ்சின்தான், சஃபாரியின் வெப்கிட் அல்ல.

தமிழ்ப் பக்கத்துக்கு ஃபாண்ட் விஷயம் முக்கியம். சொந்தமாக வெப் ஃபாண்ட் கொடுக்காவிட்டால், விண்டோஸில் தமிழ் எழுத்து நிர்மலா யுஐயில் வரும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் நோட்டோவில் வரும். ஐபோனில் தமிழ் சங்கம் எம்என்னில் வரும். மூன்றுக்கும் எழுத்தின் அகலம் வேறு. டிவைஸ் மோடில் ஒரே வரியில் அடங்கிய "அறைகள் முன்பதிவு" பட்டன் போனில் இரண்டு வரியாக மடிந்து மெனுவைத் தள்ளிவிடுவது இதனால்தான்.

கீபோர்டும் அங்கே வராது. உண்மையான போனில் பெயர், நம்பர் அடிக்கக் கீபோர்டு எழும்பினால் திரையில் பாதி போய்விடும். குரோம் 108 முதல் ஆண்ட்ராய்டிலும் கீபோர்டு வரும்போது பக்கத்தின் தளவமைப்பு சுருங்குவதில்லை. அடியில் ஒட்டி வைத்த "அனுப்பு" பட்டன் கீபோர்டுக்குப் பின்னால் மறைந்து நிற்கும். லேப்டாப்பில் எத்தனை மணி நேரம் பார்த்தாலும் இது தெரியாது.

இருந்தாலும் டிவைஸ் மோடைத் தள்ளிவிட வேண்டாம். 320 முதல் 1280 பிக்சல் வரை அகலத்தை இழுத்து இழுத்துப் பார்த்து எங்கே உடைகிறது என்று காண அதைவிட வேகமான வழி இல்லை. ஃபயர்ஃபாக்ஸிலும் அதே கீகள்தான். முதல் நாள் வேலை அதில், கடைசி நாள் வேலை போனில்.

போனில் பக்கம் இடம் வலமாக ஆடுகிறது. எந்தப் பகுதி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏதோ ஒன்று திரையைவிட அகலமாக இருக்கிறது. சிஎஸ்எஸில் நட்சத்திரக் குறி போட்டு எல்லா உறுப்புகளுக்கும் 1 பிக்சல் சிவப்பு அவுட்லைன் கொடுங்கள். பார்டர் கொடுக்க வேண்டாம். பார்டர் தானே அகலத்தைக் கூட்டிக் கணக்கைக் கெடுக்கும். வலது ஓரத்தைத் தாண்டி நிற்கும் சிவப்புப் பெட்டிதான் குற்றவாளி.

இந்த ஊர் சைட்டுகளில் முதலில் பார்க்க வேண்டியது கூகுள் மேப். மேப்பிலிருந்து காப்பி செய்து ஒட்டும் எம்பெட் கோடில் அகலம் 600 என்று எண்ணாகவே இருக்கும். 360 பிக்சல் போனில் அது 240 பிக்சல் வெளியே நீட்டும். அந்த 600ஐ 100 சதவீதம் என்று மாற்றினால் தீர்ந்தது.

அடுத்தது அட்டவணை. தோவாளைப் பூ விலைப் பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: பூ, நேற்று, இன்று, வரத்து, குறிப்பு என்று 5 பத்திகள். திரை 360; இரண்டு பக்கமும் 16 பிக்சல் இடைவெளி போக மீதி 328. ஒவ்வொரு கட்டத்துக்கும் இடமும் வலமும் 12 வைத்தால் 5 பத்திக்கு 120 போய்விடும். மிஞ்சுவது 208, பத்திக்கு 41 பிக்சல் சொச்சம். "கனகாம்பரம்" என்ற ஒரு சொல்லே 16 பிக்சல் எழுத்தில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அட்டவணை சொல்லை நடுவில் உடைக்காது, தன்னை அகலப்படுத்திக்கொள்ளும். பக்கம் ஆடத் தொடங்கும். கட்ட இடைவெளியை 12இலிருந்து 6ஆகக் குறைத்தால் 60 பிக்சல் திரும்பக் கிடைக்கும். குறிப்பைத் தனிப் பத்தியாக வைக்காமல் பூவின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் போட்டால் ஒரு பத்தி குறையும். அதற்கும் அடங்காவிட்டால் அட்டவணையை ஒரு பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டிக்கு மட்டும் கிடைமட்ட ஸ்க்ரோல் கொடுங்கள்.

பலரும் செய்வது, பாடிக்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஹிடன் போட்டு மூடிவிடுவது. ஆட்டம் நிற்கும், ஆனால் வெளியே நீட்டிய பகுதி யாருக்கும் தெரியாமல் வெட்டுப்படும். சில அமைப்புகளில் மேலே ஒட்டி நிற்க வேண்டிய தலைப்பும் ஒட்டாமல் போகும். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதே நல்லது.

ஆட்டம் எதுவும் இல்லை, ஆனால் எல்லாமே எறும்பு மாதிரிச் சின்னதாகத் தெரிகிறது என்றால் அது வேறு நோய். போனின் அகலத்துக்குப் பக்கத்தை வரையச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா வரி விட்டுப்போயிருக்கும். அது இல்லையென்றால் போன் பக்கத்தை 980 பிக்சல் அகலமாக வரைந்து சுருக்கிக் காட்டும்.

ஃபைலை டபுள் கிளிக் செய்து திறந்தாலே வேலை செய்கிறதே, லோக்கல் சர்வர் எதற்கு?

ஒரே எச்டிஎம்எல், ஒரே சிஎஸ்எஸ் என்றால் ஓடும். ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல், ஃபெட்ச் வந்ததும் பிரவுசர் பாதுகாப்புக் காரணத்தால் தடுத்துவிடும். சாய்வுக்கோட்டில் தொடங்கும் முகவரிகள் சைட்டின் வேருக்குப் பதில் டிரைவின் வேருக்குப் போகும். போனிலிருந்து அந்த ஃபைலைத் திறக்கவும் வழியில்லை.

எந்த லோக்கல் சர்வர் நல்லது?

செய்கிற வேலையைப் பொறுத்தது.

வெறும் எச்டிஎம்எல் பக்கம் என்றால் விஎஸ் கோடின் லைவ் சர்வர் எக்ஸ்டென்ஷன். 5500 போர்ட்டில் (முகவரியில் முக்காற்புள்ளிக்குப் பின் வரும் எண்) ஓடும், சேவ் செய்ததும் பக்கம் தானே புதுப்பித்துக்கொள்ளும். அது பக்கத்துக்குள் ஒரு சின்ன ஸ்கிரிப்டைச் செருகித்தான் இதைச் செய்கிறது. பாடி டேக், ஹெட் டேக் இரண்டும் இல்லாத அரைகுறை ஃபைலில் புதுப்பித்தல் வேலை செய்யாது.

எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாத லேப் கம்ப்யூட்டர் என்றால் பைதான் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோல்டருக்குள் போய் "பைதான் -எம் எச்டிடிபி.சர்வர் 8000" என்று அடித்தால் போதும். தானே புதுப்பிக்காது, பிஎச்பி ஓடாது. இன்னொரு குறை பலருக்குத் தெரியாது: கேட்ட துண்டை மட்டும் அனுப்பும் வசதி அதில் இல்லை. திற்பரப்பு அருவி வீடியோவை வைத்த ஹோம்ஸ்டே பக்கம் ஆண்ட்ராய்டில் ஓடி, ஐபோனில் மட்டும் வீடியோ அசையாமல் நின்றால் கோளாறு உங்கள் கோடில் இல்லை. ஐபோன் சஃபாரி வீடியோவைத் துண்டு துண்டாகத்தான் கேட்கும்.

ரியாக்ட், வியூ போன்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்புகள் என்றால் வீட் என்ற கருவி. 5173 போர்ட். மாற்றம் கண்ணிமைக்கும் நேரத்தில் தெரியும். ஆனால் சாதாரணமாக ஓட்டினால் லேப்டாப்புக்குள் மட்டுமே திறக்கும். போனுக்கு வேண்டுமென்றால் "என்பிஎம் ரன் டெவ் -- --ஹோஸ்ட்" என்று ஓட்ட வேண்டும். வேகத்தை மட்டும் டெவ் சர்வரில் அளக்காதீர்கள். அது சுருக்காத கோடை நூற்றுக்கணக்கான சிறு ஃபைல்களாக அனுப்பும். பில்ட் செய்து, பிரிவியூ கட்டளையில் 4173 போர்ட்டில் பார்த்தால்தான் உண்மை.

பிஎச்பி, வேர்ட்பிரஸ் என்றால் அப்பாச்சி சர்வரும் டேட்டாபேஸும் சேர்ந்து வரும் சாம்ப் அல்லது லாரகான். சாம்ப் எங்கும் பரவலாக இருப்பதால் உதவி கேட்க ஆள் கிடைக்கும். லாரகான் இலகுவானது, ஒவ்வொரு ஃபோல்டருக்கும் டாட் டெஸ்ட் முகவரி தானாகவே தரும். சாம்பில் அப்பாச்சி பச்சையாகாமல் "போர்ட் 80 பயன்பாட்டில் உள்ளது" என்று சொன்னால், பெரும்பாலும் விண்டோஸின் ஐஐஎஸ் சேவை அதைப் பிடித்து வைத்திருக்கும். அதோடு சண்டை போடுவதைவிட அப்பாச்சியின் கான்ஃபிக் ஃபைலில் "லிசன் 80" என்பதை 8080 ஆக மாற்றுவது எளிது. ஏன் 8080 என்பது வேர்ட்பிரஸ் கேள்வியில் வருகிறது.

இரண்டு மூன்று போன்களை மேசையில் பரப்பி வைத்து, ஒன்றில் ஸ்க்ரோல் செய்தால் எல்லாவற்றிலும் நகர வேண்டும் என்றால் பிரவுசர்சிங்க். ஒரு முறை பார்த்தால் விட மாட்டீர்கள்.

சர்வர் ஓடுகிறது. போனில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தால் வரவில்லையே?

லோக்கல்ஹோஸ்ட் என்றால் "இந்தக் கருவி". போனில் அடித்தால் போன் தன்னைத்தானே தேடும். லேப்டாப்பின் ஐபி, அதாவது வைஃபையில் அதற்குள்ள எண் முகவரி வேண்டும். கமாண்ட் பிராம்ப்டில் "ஐபிகான்ஃபிக்" அடித்து, வைஃபை அடாப்டருக்குக் கீழே ஐபிவி4 வரியைப் பாருங்கள். 192.168.1.5 போல இருக்கும். போனில் அதையும் போர்ட்டையும் சேர்த்து, முன்னால் எச்டிடிபி என்பதையும் அடியுங்கள். அதை விட்டால் சில பிரவுசர்கள் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தாவப் பார்க்கும்.

இதற்கும் வரவில்லையென்றால் பார்க்கும் வரிசை இது. போன் அதே வைஃபையில்தான் இருக்கிறதா, இல்லை மொபைல் டேட்டாவில் இருக்கிறதா? சர்வர் 127.0.0.1இல், அதாவது லேப்டாப்புக்குள் மட்டும் கேட்கிறதா? அப்படியானால் 0.0.0.0க்கு மாற்றுங்கள். பிஎச்பியின் உள் சர்வரை "பிஎச்பி -எஸ் லோக்கல்ஹோஸ்ட்" என்று தொடங்கியிருந்தால் இதுதான் காரணம். அடுத்தது விண்டோஸ் ஃபயர்வால்: அந்த வைஃபை "பப்ளிக்" என்று பதிவாகியிருந்தால் உள்ளே வருகிற இணைப்பைத் தடுக்கும். வீட்டு வைஃபையாக இருந்தால் "பிரைவேட்" என்று மாற்றுங்கள். ஃபயர்வாலை முழுதாக அணைத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் உண்டு, அது வேண்டாம்.

எல்லாம் சரி, இன்னும் வரவில்லையென்றால் ரௌட்டர் ஒரு கருவியை இன்னொன்று பார்க்க விடாமல் தடுக்கிறது. கல்லூரி, ஹாஸ்டல், லாட்ஜ் வைஃபைகளிலும் கெஸ்ட் நெட்வொர்க்கிலும் இது வழக்கம். அங்கே உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த இரண்டு பதில்கள் அதற்குத்தான்.

மழையில் கரண்ட் போய் ரௌட்டர் அணைந்துவிட்டது. வேலையை நிறுத்த வேண்டியதுதானா?

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் வாங்குகிற மாவட்டத்தில் இது நியாயமான கேள்வி. வேண்டாம். போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதில் இணையுங்கள். ஐபிகான்ஃபிக்கில் புது ஐபி வந்திருக்கும். அதே போனின் பிரவுசரில் அதைத் திறக்கலாம். மொபைல் டேட்டாவை அணைத்து வைத்தாலும் பக்கம் வரும், ஏனென்றால் இது போனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே மட்டும் நடக்கிற போக்குவரத்து. டேட்டா பேக் குறையாது. மாறாக லேப்டாப்பில் விண்டோஸ் மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டால் லேப்டாப்பின் ஐபி 192.168.137.1 என்று இருக்கும்; ஆனால் அதைத் தொடங்க விண்டோஸ் பகிர்வதற்கு ஓர் இணைய இணைப்பைக் கேட்கும்.

மொபைல் டேட்டாவை அணைத்து வைத்திருந்தால், வெளியிலிருந்து இழுக்கிற ஃபாண்ட், மேப் எதுவும் வராது. அதுவும் ஒரு சோதனைதான்: அவை இல்லாமல் பக்கம் நிற்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம்.

யூஎஸ்பி கேபிள் வழியாகச் சோதிப்பது எப்படி?

எங்களைக் கேட்டால் முதலில் கற்க வேண்டியது இதுதான். வைஃபை, ஐபி, ஃபயர்வால் எதுவும் வேண்டாம்.

போனில் செட்டிங்ஸ் போய் "போனைப் பற்றி" என்பதில் பில்ட் நம்பரை 7 முறை தட்டுங்கள். சில போன்களில் அது மென்பொருள் தகவலுக்குள் இருக்கும். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்யுங்கள். கேபிளைச் செருகியதும் "இந்தக் கம்ப்யூட்டரை அனுமதிக்கவா" என்று போன் கேட்கும்; அனுமதியுங்கள். லேப்டாப் குரோமில் முகவரிப் பட்டையில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்வுக்கோடு, இன்ஸ்பெக்ட் என்று அடித்தால் போனின் பெயரும் அதில் திறந்திருக்கும் டேப்களும் தெரியும். "இன்ஸ்பெக்ட்" தட்டினால் போனின் பக்கம் லேப்டாப்பின் டெவ்டூல்ஸில் திறக்கும். கன்சோல் பிழை, நெட்வொர்க், சிஎஸ்எஸ் எல்லாம் உயிரோடு மாற்றிப் பார்க்கலாம்.

அதே பக்கத்தில் "போர்ட் ஃபார்வர்டிங்" இருக்கிறது. இடது கட்டத்தில் 5173, வலது கட்டத்தில் லோக்கல்ஹோஸ்ட்:5173 என்று கொடுத்து இயக்குங்கள். இப்போது போனில் லோக்கல்ஹோஸ்ட்:5173 அடித்தால் லேப்டாப்பின் பக்கமே வரும். ஆண்ட்ராய்டின் ஏடிபி என்ற கட்டளைக் கருவி இருந்தால் "ஏடிபி ரிவர்ஸ் டிசிபி:5173 டிசிபி:5173" என்ற ஒரு வரி அதே வேலையைச் செய்யும்.

போன் பெயர் வரவில்லையென்றால் பத்துக்கு எட்டு முறை கேபிள்தான் காரணம். பவர் பேங்க்கோடு வருகிற சில கேபிள்களில் சார்ஜ் கம்பி மட்டும் இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. அந்தக் கேபிளில் போட்டோ காப்பி ஆகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். பிறகு யூஎஸ்பி முறையை "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" ஆக்கிப் பாருங்கள். போன் லாக் ஆகாமல் இருக்கட்டும். போனின் சார்ஜிங் ஓட்டை தேய்ந்துவிட்டதா? ஆண்ட்ராய்டு 11 முதல் வயர்லெஸ் டீபக்கிங் உண்டு.

வேர்ட்பிரஸ் சைட் போனில் டிசைன் இல்லாமல் வெறும் எழுத்தாக வருகிறது. ஏன்?

வேர்ட்பிரஸ் தன் முகவரியை டேட்டாபேஸில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதி வைத்திருக்கிறது. போனில் 192.168.1.5 என்று திறந்தாலும், பக்கத்துக்குள் இருக்கும் சிஎஸ்எஸ், படங்கள் எல்லாம் லோக்கல்ஹோஸ்டைச் சுட்டும். போன் தன்னிடமே தேடி ஏமாறும்.

மேலே சொன்ன போர்ட் ஃபார்வர்டிங் இதற்கும் மருந்து. போனிலும் அதே லோக்கல்ஹோஸ்ட் முகவரி வேலை செய்யும். ஒரு சிக்கல்: சாதாரண ஆண்ட்ராய்டு போனில் 1024க்குக் கீழே உள்ள போர்ட்டைத் திறக்க அனுமதி இல்லை, 80 அதில் அடக்கம். அதனால்தான் அப்பாச்சியை 8080க்கு மாற்றச் சொன்னோம். மாற்றியதும் வேர்ட்பிரஸின் கான்ஃபிக் ஃபைலில் ஹோம் முகவரி, சைட் முகவரி இரண்டையும் 8080 சேர்த்து எழுத மறக்காதீர்கள்.

லேப்டாப்பில் லொக்கேஷன், கேமரா வேலை செய்கிறது. ஐபி போட்டுப் போனில் திறந்தால் அனுமதியே கேட்கவில்லை.

லொக்கேஷன், கேமரா, மைக், சர்வீஸ் ஒர்க்கர் (பின்னணியில் ஓடும் ஸ்கிரிப்ட்) எல்லாம் பாதுகாப்பான முகவரியில்தான் ஓடும். எச்டிடிபிஎஸ் பாதுகாப்பானது. லோக்கல்ஹோஸ்டுக்கு விதிவிலக்கு உண்டு. 192.168 என்று தொடங்கும் வெறும் எச்டிடிபி முகவரிக்கு அந்தச் சலுகை இல்லை. "படகுத்துறைக்கு வழி காட்டு" பட்டன் லேப்டாப்பில் ஓடிப் போனில் சாவது இதனால்.

இங்கேயும் கேபிள் வழிதான் சுருக்கமானது. வைஃபை வழியாகவே வேண்டுமென்றால் எம்கேசெர்ட் என்ற கருவி உங்கள் ஐபிக்கே சான்றிதழ் செய்து தரும். அதன் ரூட் சான்றிதழைப் போனின் செட்டிங்ஸில் சிஏ சான்றிதழாக நிறுவ வேண்டும். கூடவே உருவாகும் ரூட்டின் கீ ஃபைலை யாருக்கும் அனுப்பக் கூடாது. அது கையில் கிடைத்தவர் அந்தப் போனை எந்த சைட்டின் பெயரிலும் ஏமாற்ற முடியும்.

வாடிக்கையாளர் குளச்சலில் இருக்கிறார். வேலை முடியுமுன் அவர் போனில் காட்ட வேண்டும். எந்த டனல்?

டனல் என்றால் உங்கள் லேப்டாப்பின் ஒரு போர்ட்டுக்குத் தற்காலிகமாக ஒரு பொது எச்டிடிபிஎஸ் முகவரி தருவது. மூன்றைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

கிளவுட்ஃபிளேரின் விரைவு டனலுக்குக் கணக்கு வேண்டாம். ஒரே கட்டளை, ஒவ்வொரு முறையும் வேறு பெயர் கிடைக்கும். என்கிராக்குக்குக் கணக்கும் டோக்கனும் வேண்டும், இலவசத் திட்டத்தில் முதலில் ஓர் எச்சரிக்கைப் பக்கம் வரும், விவரம் தெரியாத வாடிக்கையாளர் அதைப் பார்த்து "வைரஸா?" என்று போன் செய்வார். விஎஸ் கோடின் போர்ட்ஸ் தாவல் வழி இன்னும் எளிது. கிட்ஹப் கணக்கில் நுழைந்தால் போதும். ஆனால் முதலில் "பிரைவேட்" ஆக இருக்கும், பப்ளிக் ஆக்காமல் லிங்க் அனுப்பினால் அவரிடம் லாகின் கேட்கும். வாடிக்கையாளருக்குக் காட்ட கிளவுட்ஃபிளேர், நம் ஆட்களுக்குள் காட்ட விஎஸ் கோட் என்பது எங்கள் பரிந்துரை.

வீட் வைத்திருப்பவர்களுக்கு டனலில் "இந்த ஹோஸ்டுக்கு அனுமதி இல்லை" என்று வரலாம். கான்ஃபிக்கில் அனுமதிக்கப்பட்ட ஹோஸ்ட் பட்டியலில் அந்தப் பெயரைச் சேர்த்தால் சரியாகும்.

சாம்ப் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். பிஎச்பி மை அட்மின் பக்கம் லோக்கல் இணைப்பை மட்டும் அனுமதிக்கும்படி பூட்டியிருக்கும். டனலில் வருகிற ஒவ்வொரு வருகையும் உங்கள் லேப்டாப்புக்குள்ளிருந்தே வந்ததுபோல் அப்பாச்சிக்குத் தெரியும். பூட்டு திறந்துகொள்ளும். சாம்பின் டேட்டாபேஸ் ரூட் கணக்குக்கு முதலில் பாஸ்வேர்டே கிடையாது. டனல் போடும் முன் பாஸ்வேர்டு வையுங்கள், காட்டி முடித்ததும் டனலை மூடுங்கள்.

மேக் இல்லை. ஐபோனில் எப்படிச் சோதிப்பது?

ஐபோன் சஃபாரியை இன்ஸ்பெக்ட் செய்ய ஆப்பிள் தரும் வழிக்கு மேக் கட்டாயம். நம் நாட்டில் விற்கும் ஐபோனில் குரோம் போட்டாலும் உள்ளே வெப்கிட்தான், ஆகவே அது குறுக்குவழி ஆகாது. விண்டோஸில் பிளேரைட் என்ற சோதனைக் கருவியை நிறுவினால் அதோடு ஒரு வெப்கிட் பிரவுசர் வரும். சஃபாரியேதான் என்று சொல்ல முடியாது, ஆனால் சிஎஸ்எஸ் வேறுபாடுகளில் பல அதில் தெரிந்துவிடும். அடுத்து, யாரிடமாவது ஐபோனைக் கொஞ்ச நேரம் வாங்கி, பக்கத்தில் எருடா ஸ்கிரிப்டைச் சேர்த்துத் திறந்தால் போனுக்குள்ளேயே கன்சோல் வரும். வேலை முடிந்ததும் எருடாவை எடுத்துவிடுங்கள். பிரவுசர்ஸ்டேக் போன்ற கட்டணச் சேவை, ஐபோன் வாடிக்கையாளர்கள் நிறைய இருக்கும் சைட்டுக்கு மட்டும் தேவைப்படும்.

ஐபோனில் கண்டிப்பாகப் பார்க்க வேண்டியவை: இன்புட் கட்டத்தின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் தட்டியதும் பக்கம் பெரிதாகும், 100 விஎச் (முழுத் திரை உயரம்) முகவரிப் பட்டையின் உயரத்தையும் சேர்த்துக்கொண்டு அடிப்பகுதியை மறைக்கும். பின்னதுக்கு டிவிஎச் அல்லது எஸ்விஎச் அலகைப் போடுங்கள்.

ஆண்ட்ராய்டு எமுலேட்டர் தேவையா?

எமுலேட்டர் என்பது லேப்டாப்புக்குள் ஓடும் போலி ஆண்ட்ராய்டு போன். 8 ஜிபி ராம் லேப்டாப்பில் விஎஸ் கோட், குரோமோடு சேர்ந்து அது மூச்சு வாங்கும். கையில் இல்லாத ஆண்ட்ராய்டு பதிப்பைப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதற்குள்ளிருந்து லேப்டாப்பை அழைக்க 10.0.2.2.

லைட்ஹவுஸில் 95 வந்தது. பேச்சிப்பாறையில் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எதை நம்புவது?

பேச்சிப்பாறையை. லைட்ஹவுஸ் என்பது டெவ்டூல்ஸில் மதிப்பெண் போடும் சோதனை. அதன் மொபைல் சோதனை, நொடிக்கு 1.6 மெகாபிட் வேகம், 150 மில்லிசெகண்ட் தாமதம், 4 மடங்கு மெதுவான பிராசசர் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறது. மலையோரத்தில் டவர் விட்டு விட்டு வருவதையும், களியக்காவிளைப் பக்கம் போன் டவர் மாறித் தடுமாறுவதையும் அந்தக் கணக்கு பிடிக்காது. ஒரே பக்கத்தை 5 முறை ஓட்டி நடு எண்ணை எடுங்கள். எக்ஸ்டென்ஷன்கள் இல்லாத இன்காக்னிட்டோ விண்டோவில் ஓட்டுங்கள். லோக்கல்ஹோஸ்டில் எடுத்த மதிப்பெண்ணில் உங்கள் ஹோஸ்டிங் சர்வரின் தாமதமும் இல்லை.

மதிப்பெண்ணைவிட இந்தக் கணக்கு பயன்படும். போன் கேமராவில் எடுத்த சூரிய உதயப் படம் 4 எம்பி. 1.6 மெகாபிட் வேகத்தில் அது இறங்க 20 நொடி. அதையே 1200 பிக்சல் அகலமாகக் குறைத்து வெப்பி என்ற பட வடிவத்துக்கு மாற்றினால் 150 கேபி அளவுக்குக் கொண்டுவரலாம், முக்கால் நொடி. பெரிய படம் தெரிய 2.5 நொடிக்குள், தட்டினால் பதில் 200 மில்லிசெகண்டுக்குள், தளவமைப்புக் குதிப்பு 0.1க்குள் என்பது கூகுளின் அளவுகோல். கூகுளின் பழைய மொபைல் ஃபிரெண்ட்லி சோதனைப் பக்கம் 2023 டிசம்பரோடு மூடப்பட்டுவிட்டது. அதைத் தேடி அலைய வேண்டாம்.

தமிழ் எழுத்துக்கென்று தனியாக எதைப் பார்க்க வேண்டும்?

வரி உயரம் 1.6க்குக் குறையாமல் வையுங்கள். ஆங்கிலத்துக்கு வைக்கிற 1.2இல் மேல் வரியின் கீழ்ச்சுழியும் கீழ் வரியின் புள்ளியும் இடிக்கும். தலைப்பெழுத்துக்கு இடையே இடைவெளி கூட்டும் லெட்டர் ஸ்பேசிங்கைத் தமிழுக்குப் போடாதீர்கள். நீளச் சொற்களுக்கு ஓவர்ஃப்ளோ-ராப் கொடுங்கள், ஆனால் பட்டனுக்கு அதை நம்பாமல் சொல்லையே மாற்றுங்கள்: "தொடர்புகொள்ளுங்கள்" என்பதைவிட "அழைக்க" சின்னது, தெளிவானது. டிடிபி கடையிலிருந்து வரும் எழுத்து பாமினியாக இருக்கும். ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே பக்கத்தில் வையுங்கள். விளவங்கோடு பக்கத்துக் கடைகள் மலையாளமும் கேட்கும். அந்த மலையாள வரிகளுக்குத் தனி மொழிக் குறியீடும் ஃபாண்டும் கொடுங்கள்.

கடற்கரை வெயிலில் பிடித்துப் பார்க்கிற பக்கத்தில் வெளிர் சாம்பல் எழுத்து தெரியாது. டெவ்டூல்ஸில் நிறக் கட்டத்தைத் தட்டினால் மாறுபாட்டு விகிதம் காட்டும், 4.5க்குக் குறையக் கூடாது.

யுபிஐ, வாட்ஸ்அப், போன் லிங்குகளை லேப்டாப்பில் சோதிக்கலாமா?

யுபிஐ லிங்கைத் திறக்க லேப்டாப்பில் ஆப் இல்லை. போனில் மட்டும்தான், அதுவும் இரண்டு மூன்று பண ஆப்கள் உள்ள போனில். வாட்ஸ்அப் லிங்கில் 91 சேர்த்து, பிளஸ் குறியும் முன் பூஜ்யமும் இல்லாமல் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் பகிரும்போது வருகிற படம் லோக்கல்ஹோஸ்டில் வராது, பொது முகவரி வேண்டும். இன்ஸ்டாகிராமில் லிங்கைத் தட்டினால் அதன் சொந்த உள் பிரவுசரில்தான் திறக்கும். யுபிஐ பட்டன் அங்கே முரண்டு பிடிக்கலாம், ஆகவே அங்கிருந்தும் ஒரு முறை தட்டிப் பாருங்கள்.

லோக்கலில் எல்லாப் படமும் வந்தது. அப்லோட் செய்ததும் பாதி காணோம்.

ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். லினக்ஸ் சர்வர் பார்க்காது. கேமராவிலிருந்து வரும் படத்தின் முடிவில் ஜேபிஜி பெரிய எழுத்தில் இருக்கும், நீங்கள் கோடில் சின்ன எழுத்தில் எழுதியிருப்பீர்கள். எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தாக்கி, இடைவெளிக்குப் பதில் சிறுகோடு போடுங்கள்.

எவ்வளவு பழைய போன் வரை கவலைப்பட வேண்டும்?

ஆண்ட்ராய்டு 7இல் குரோம் 119ஓடு நின்றுவிட்டது. ஆண்ட்ராய்டு 8, 9இல் 138ஓடு. அந்தப் போன்களில் புதுச் சிஎஸ்எஸ் வசதிகள் ஒருநாளும் வந்து சேராது. சைட்டின் அனலிடிக்ஸில் பிரவுசர் பதிப்பைப் பாருங்கள். கடைக்காரரின் சொந்தப் போன் எது என்றும் கேளுங்கள். ரேட் பேசுமுன் அந்தப் போனில் ஒரு முறை திறந்து காட்டிவிட்டால், பிறகு "என் போன்ல சரியா தெரியல" என்ற அழைப்பு வராது.